நீலக் கூடையின் முழுப் படம்

புனே,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

மீனா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கிறோம். குளிர் இன்னும் விடவில்லை, காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அங்கே உங்கள் உடம்பு எப்படி? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்க்கிறாளா?

இது என்ன புதுசாக மெயில் என்று பார்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் வயர்க்கூடைப் படத்தை அது சுருக்கிவிடுகிறது. முடிச்செல்லாம் குழம்பிக் கூழாகத் தெரிகிறது. மெயிலில் போட்டால் எடுத்த மேனிக்கு முழுசாக வரும். இனிமேல் கூடைப் படம் எல்லாம் மெயிலில்தான். கூடவே நாலு வரி எழுதுங்கள்: எந்தக் கூடை, என்ன முடிச்சு, உயரம் என்ன, அகலம் என்ன. வீட்டுச் சேதியும் எழுதலாம். போன் நமக்கு ஒத்துவரவில்லை, நீங்கள் கூப்பிடும் நேரமெல்லாம் நான் ஆபீசில் இருக்கிறேன்.

ஆன்லைன் கடைக்கு 'முடிச்சு' என்று பெயர் பதிந்துவிட்டேன். படம் ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. ஆனால் மதினி, இதுவரை அனுப்பிய படத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஒன்றில் கட்டில் கால் தெரிகிறது, ஒன்றில் அம்மாவின் உள்பாவாடை கொடியில் தொங்குகிறது. பிளாஷ் போட்டு எடுத்ததில் வயர் எல்லாம் பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கிறது. பிளாஷ் வேண்டாம். வெள்ளைச் சார்ட் பேப்பரை வாங்கிச் சுவரில் ஒட்டி, மடிக்காமல் வளைத்துத் தரைக்கு இறக்குங்கள். அதன்மேல் கூடையை வையுங்கள். காலை வெயில் நேரே விழாத இடமாகப் பாருங்கள். உங்கள் கைவேலைக்கு ஒரு குறையும் இல்லை, படம்தான் அதைக் கெடுக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரியமுள்ள,
மீனலோசினி


சங்கரன்கோவில்,
19 பிப்ரவரி 2024

அன்புள்ள மீனாவுக்கு,

மதினி பிரம்மநாயகியின் ஆசீர்வாதம். நானும் அத்தையும் இருக்கிறோம். அத்தைக்கு இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து எதையும் மூக்கோடு ஒட்டிவைத்துத்தான் பார்க்கிறாள். மாத்திரை போடுகிறாள், நான் பக்கத்தில் நின்றால்.

உன் கடிதம் மேனேஜர் மெமோ கொடுத்த மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தேன். தெற்கு ரத வீதியில் சார்ட் வாங்கி மாடியில் வைத்துப் படம் எடுக்கப் போனால், மாசிக் காற்று சார்ட்டையும் கூடையையும் சேர்த்துத் தூக்கிப் பக்கத்து ஹெலன் டீச்சர் வீட்டு மாடியில் போட்டுவிட்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன பிரம்மு, கூடைக்குப் பொண்ணு பாக்கப் படம் எடுக்கியா?" என்கிறாள். "ஆமா டீச்சர், மாப்பிள்ளை இருந்தாச் சொல்லுங்க" என்றேன். பிறகு கீழே வந்து ஜன்னலோரம் வைத்து எடுத்தேன். ஐந்து கூடை அனுப்பியிருக்கிறேன். சிவப்பும் வெள்ளையும் நெல்லிக்காய் முடிச்சு. மற்றதெல்லாம் சாதா. அளவு கீழே எழுதியிருக்கிறேன்.

மீனா, உன் அண்ணனிடமிருந்து ஏதாவது சேதி உண்டா? போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் உன் வீட்டுக்கு வந்தவர். இங்கே மொபைல் கடையை இழுத்து மூடிய பிறகு, "மீனா வீட்டுக்காரர் வேலை பாத்துத் தாரேன்னு சொல்லுதாரு, ரெண்டு மாசத்துல உன்னையக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார். உன் வீட்டிலிருந்து நாக்பூருக்குப் போகிறேன் என்றார். அதற்கப்புறம் போன் அணைந்தது அணைந்ததுதான். அங்கே யாரிடமாவது விசாரித்தாயா? எனக்குக் கூடை விற்கிறதோ இல்லையோ, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதில் துணி கட்டு.

உன் மதினி,
பிரம்மநாயகி


புனே,
27 பிப்ரவரி 2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

படம் அருமை மதினி! ஜன்னல் வெளிச்சத்தில் நெல்லிக்காய் முடிச்சு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. இனி படத்தை வெட்டுவதை நீங்களே பழகிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நான் செய்ய நேரமில்லை. கடையில் ஏற்றும் படம் சதுரமாக இருக்க வேண்டும். போனில் படத்தைத் திறந்து, திருத்தும் இடத்தில் சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, கூடை நடுவில் நிற்கும்படி நகர்த்துங்கள். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இருக்கட்டும். ரொம்ப விட்டால் கூடை சோளப்பொரி மாதிரி சின்னதாகிவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்கு மேலே மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால் விவரம் வரும். எத்தனை பிக்சல், என்றைக்கு எடுத்தது, எல்லாம் அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் முழுப் படத்தை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிப் போனது திரும்ப வராது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் நிறையக் குடிக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள்.

பிரியமுள்ள,
மீனா


சங்கரன்கோவில்,
6 மார்ச் 2024

அன்புள்ள மீனா,

நாங்கள் சுகம். உன் சுகத்தை எழுது, வெயிலைப் பற்றி மட்டும் எழுதாதே.

நீ சொன்ன வெட்டு வித்தையைப் பழகிவிட்டேன். ஒன்றில்தான் தகராறு. சாப்பாட்டுக் கூடை ஒல்லி, உயரம். சதுரத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் சும்மா கிடக்கிறது. வேறொரு ஆப்பில் போட்டு, இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்து இழுத்தேன். கூடை பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளி நின்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஏற்றிவிட்டேன். கடையநல்லூரில் நமக்கு வயர் தருகிற ஷமீராகூடப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பெரிய சைஸு போல?" என்று கேட்டாள். அன்றைக்கே ஒரு ஆர்டரும் வந்தது. திருச்சிக்கு.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ மறந்திருப்பாய். உன் அண்ணனைப் பற்றி. கோயிலுக்குப் போனால் புற்றுமண் எடுக்க நிற்கிற வரிசையிலேயே நாலு பேர் கேட்கிறார்கள், "வீட்டுக்காரர் எப்ப வாராரு?" என்று. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன். அத்தை ஒரு நாளும் என்னிடம் கேட்பதில்லை. மகனை நினைத்து உள்ளுக்குள்ளேயே வேகிறாள் போல. அவளுக்காகவாவது விசாரித்து எழுது.

உன் மதினி,
பிரம்மநாயகி


புனே,
24 மார்ச் 2024

அன்புள்ள மதினிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபீசில் ஆடிட். இரண்டு வாரமாக ஒரே அலைச்சல், வீட்டில் ஒழுங்காக அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. உடம்பு பரவாயில்லை.

மதினி, அந்தத் திருச்சிக்காரம்மா கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படத்தில் காய்கறிக் கூடை மாதிரி இருந்ததாம், வந்தது டிபன் பாக்ஸ் வைக்கிற கூடையாம். 'படத்தில் ஒன்று, கையில் ஒன்று' என்று கடைப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார்கள். படத்தை வெட்டலாம் மதினி, இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சும்மா கிடந்தால் கிடக்கட்டும். ஒரு தேங்காயோ டம்ளரோ பக்கத்தில் வைத்து எடுத்தால் பார்ப்பவருக்கு அளவு பிடிபடும்.

அண்ணனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா? மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் வேலையைப் பாருங்கள். கடை நல்லபடியாக வந்துவிட்டால் நீங்கள் யாரையும் எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

மீனா


சங்கரன்கோவில்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள மீனாவுக்கு,

சித்திரை பிறந்தாயிற்று. வீட்டுக்குள் தட்டில் வைத்த வெண்ணெய் எண்ணெயாக ஓடுகிறது. எனக்கு ஒன்றுமில்லை. அத்தைக்குக் கால் வீக்கம், சாயங்காலமானால் பிடித்துவிடுகிறேன்.

திருச்சிக்காரம்மா எழுதியதை வாசித்தேன். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. என்னை ஏமாற்றுக்காரி என்று ஒருத்தி எழுதும்படி வைத்துவிட்டேனே என்று கிடந்தேன். அதற்கப்புறம் எந்தப் படத்தையும் இழுப்பதில்லை.

இப்போது புதுத் தொல்லை அத்தை. நான் அளவு எடுத்துச் சார்ட்டில் கூடையை வைத்தால் வந்து நின்றுகொள்கிறாள். "வெறுங்கூடையப் படம் புடிச்சி ஊரு பூரா காட்டுதியே, விளங்குமாட்டி? வெறும் பாத்திரத்தை யாருக்காவது குடுப்போமா?" என்று ஒரே சத்தம். சரி என்று ஒவ்வொரு கூடையிலும் ஒரு மஞ்சள் கிழங்கும் கைப்பிடி அரிசியும் போட்டு எடுத்தால், வாங்குகிறவர்கள் "அரிசியும் சேர்த்து வருமா?" என்று கேட்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. உன் கிரகப்பிரவேசத்துக்கு நீலத்தில் சிவன் கண் முடிச்சுப் போட்டு ஒரு கூடை அனுப்பினேனே, அதை நீ எங்கும் கொண்டுபோவதாக அத்தையிடம் சொன்னாயாம். மார்க்கெட், வண்டி, பஸ் என்று எங்கேயாவது அது நிறைந்து இருக்கும் படம் இருந்தால் அனுப்பு. புழங்குகிற கூடையைப் பார்த்தால் வாங்குபவர்களுக்கும் நம்பிக்கை வரும், அத்தை வாயும் அடைபடும்.

கேட்பவர்களிடமெல்லாம் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அவர் வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை வேலை இருந்தாலும் தபசுக்கு மண்டபத்துப் பக்கம் வந்து நிற்காமல் இருந்ததில்லை அவர். எனக்குள்ளும் அப்படித்தான் ஓடுகிறது மீனா. தபசுக்கு வந்துவிடுவார்.

உன் மதினி,
பிரம்மநாயகி


புனே,
5 மே 2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். அவசரத்தில் எழுதுகிறேன், கீழே வண்டி நிற்கிறது. நீங்கள் சொன்னது நல்ல யோசனை. நீலக் கூடை இருக்கும் படம் நாலு தேடி எடுத்து இணைத்திருக்கிறேன். எல்லாம் முழுப் படம். நீங்களே கூடை நடுவில் வரும்படி சதுரமாக வெட்டி ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு இப்போது என்னைவிட நன்றாகவே கை வருகிறது.

அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மீனா


சங்கரன்கோவில்,
8 மே 2024

மீனாவுக்கு,

நான் நலமாக இல்லை. அத்தை நலம்.

மூன்று படம் வெட்டி முடித்தேன். மார்க்கெட்டில் கீரைக்கட்டோடு ஒன்று, உன் ஸ்கூட்டியில் ஒன்று, ரயில் சீட்டில் ஒன்று. நாலாவதைத் திறந்தேன். பெஞ்சின்மேல் நீலக் கூடை. உள்ளே பிளாஸ்க், டம்ளர், மடித்த வெள்ளைத் துண்டு. கூடை சரியாக நடுவில்தான் இருக்கிறது. சதுரத்தை அதன்மேல் வைத்துவிட்டு, வெட்டப்போகும் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

உன் அண்ணன் இருக்கிறார்.

சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார். தாடி வைத்திருக்கிறார். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெயிலில் வந்த படம் அல்லவா, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாமல் தெரிகிறது. அவர் தலைக்கு மேலே போர்டு. மேலே இந்தி மாதிரி ஏதோ எழுத்து, கீழே இங்கிலீஷில் லேபர் வார்டு. நீ சொல்லித்தந்த மூன்று புள்ளியைத் தொட்டேன். மார்ச் ஒன்பதாம் தேதி எடுத்தது.

மார்ச் இருபத்துநாலாம் தேதி நீ என்ன எழுதினாய் என்று எடுத்துப் பார். 'தெரிந்தால் சொல்லாமல் இருப்பேனா' என்று எழுதினாய்.

அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் சாஸ்தா கோயிலில் நேர்ந்துகொண்டு கிடக்கிறேன் நான். ரயிலில் அடிபட்ட செய்தி எங்கே வந்தாலும் பெயரைத் தேடுகிறேன். பாவி, நீ அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறாய். உன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாரும் இல்லை. அந்தப் பிளாஸ்க்கில் யாருக்குக் காப்பி கொண்டுபோனாய்?

போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. இதற்குப் பதில் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பிரம்மநாயகி


சங்கரன்கோவில்,
2 ஜூன் 2024

மீனாவுக்கு,

உன் சுகத்தைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைப் பக்கத்தில் முந்தாநாள் விலையெல்லாம் மாற்றியிருக்கிறாய், ஆகவே கையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன.

பிக்சல் குறைந்தால் அன்றைக்கே பதில் போடுவாய். இதற்கு இன்னும் போடவில்லை. நான் அத்தையிடம் மூச்சு விடவில்லை. பிரஷர்காரி, தாங்கமாட்டாள். தினமும் அவளுக்கு முன்னால் சிரித்து வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஆமா இல்லை என்று ஒரு சொல் எழுது. தபசுக்கு அவர் வருவாரா?

பிரம்மநாயகி


புனே,
25 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு,

தபசு நல்லபடியாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனையோ தடவை எழுதி எழுதி அழித்துவிட்டேன். தபசு முடியட்டும், அதுவரைக்குமாவது நீங்கள் எதிர்பார்த்து இருங்கள் என்று விட்டுவிட்டேன். அது இன்னும் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் நாக்பூருக்குப் போகவே இல்லை. இங்கே எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறான். கூட வேலை பார்த்த பெண்ணோடு. மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்கு நான்தான் போய் நின்றேன். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது, உங்களுக்கு அனுப்பலாம் என்று கூடையைத்தான் படம் எடுத்தேன். எடுத்துவிட்டு, இதை எப்படி அனுப்புவது என்று விட்டுவிட்டேன். போனில் படமெல்லாம் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் தெரியும், நடுவில் இருப்பது மட்டும். அன்றைக்கு அவசரத்தில் நீலத்தைப் பார்த்துத் தொட்டேன், தொட்டதெல்லாம் போய்விட்டது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் திறந்து பார்த்தேன்.

அவன் வரமாட்டான் மதினி. நான் சண்டை போட்டேன். "நீ ஊருக்குச் சொன்னா உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். முதலில் கடை ஒன்று உங்களுக்கு நின்றுவிடட்டும், சொந்தக் காலில் இருக்கும்போது சொன்னால் தாங்குவீர்கள் என்று நினைத்தேன். நான் நினைத்தது இதுதான், நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவாள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள்,
மீனா


சங்கரன்கோவில்,
6 ஆகஸ்டு 2024

மீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை இல்லை. அத்தை சௌக்கியம்.

தபசு பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல கூட்டம். தெற்கு ரத வீதியில் மண்டபத்துப் பக்கம் நானும் நின்றேன். குருவிகுளத்துக்காரர்கள் விளைச்சல் நேர்ச்சையாகப் பருத்தியையும் வற்றலையும் அள்ளி எறிந்தார்கள், என் தலையிலும் விழுந்தது. ஹெலன் டீச்சர்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தாள், "வந்துட்டாரா?" என்று கேட்டாள். "கூட்டத்துக்குள்ள எங்கயோ நிக்காரு டீச்சர்" என்றேன். சொல்லிவிட்டு நானே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு கேவலம் என் நிலைமை.

உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ கும்பிட்டதற்காக இல்லை. எனக்கே அந்தக் கிழவி செத்துவிடுவாளோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுக் கூடைப் படம் எல்லாம் காட்டு என்றாள். போனைக் கொடுத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனேன். அவள் மூக்கோடு ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள், உனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அழிக்க மனசு வரவில்லை, அவர் முகம் என்று என்னிடம் புதுசாக இருப்பது அது ஒன்றுதான். திரும்பி வந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன், மயங்கி விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று.

அவள் விழவில்லை. படத்தை அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் நகர்த்தினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பிள்ளை முகம் இதுல விழலியே."

மீனா, அந்தப் படத்தில் பிள்ளையே இல்லை. கூடை இருக்கிறது, அவர் இருக்கிறார், போர்டு இருக்கிறது. அந்தப் போர்டை வாசிக்க அத்தைக்கு இங்கிலீஷும் தெரியாது.

"எந்தப் பிள்ளை அத்தை?" என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போனது. முதலில் "ஒண்ணுமில்ல, கூடையச் சொன்னேன்" என்றாள். நான் செம்போடு அப்படியே நின்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாசிலேயே மீனா போன்ல சொல்லிட்டா. நான்தான் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவ கிட்டச் சத்தியம் வாங்குனேன். சொன்னா நீ பெட்டியக் கட்டிட்டுப் போயிருவ. அவனும் வரமாட்டான், அவளும் வரமாட்டா. எனக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று போன கடிதத்தில்கூட எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட கடிதத்திலும் ஒரு பொய்யை வைத்து அனுப்பியிருக்கிறாய்.

மாசியிலிருந்து தினமும் அவள் காலைப் பிடித்துவிட்டேன். மகனை நினைத்து வேகிறாள் என்று எண்ணிப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தில் இருந்திருப்பாள். ஆத்திரத்தில் செம்பைச் சுவரில் எறிந்தேன். "உங்க மூணு பேருக்கும் நான் சம்பளமில்லாத வேலைக்காரியா?" என்று கத்தினேன். அவள் அழுதாள்.

போய்விடலாம் என்று பெட்டியை இறக்கியும் வைத்தேன். எங்கே போக? குருவிகுளத்தில் என் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் காப்பி கொடுப்பார்கள், மூன்றாம் நாள் அங்குள்ள மதினி "எப்பப் போறீங்க?" என்று கேட்பாள். கூடை விற்று ஒரு தனி வீடு பிடித்து நிற்கிற அளவுக்கு உன் கடை இன்னும் வரவில்லை, வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அத்தை சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன். மாசியிலேயே தெரிந்திருந்தாலும் எனக்குப் போக இடம் இல்லை. அவள் பயந்திருக்கவே வேண்டாம். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், எனக்கு அவளை விட்டால் யார் என்று அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். சோறு குழைந்து போயிருந்தது. அவளுக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ரசம் ஊத்து" என்றாள். ஊற்றினேன்.

பிரம்மநாயகி